வச்சநாபி என்று வந்த முடிவு

முதலில் உதடுதான் மரத்தது. கீழக்கரையில் எங்கள் வீட்டு அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அடுத்து நாக்கு, விரல்கள். பிறகு வாந்தி. நெஞ்சுக்குள் ஏதோ கட்டறுத்துக்கொண்டு ஓடியது. லாத்தா (என் அக்கா) ஆட்டோ பிடித்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து மதுரை.

இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்தனவாம். மருந்தும் மின்னதிர்ச்சியும் கொடுத்துச் சீராக்கினார்கள். ரத்தக்குழாயில் அடைப்பில்லை. காரணம் யாருக்கும் தெரியவில்லை. மறுபடி வரலாம் என்பதால் ஐ.சி.டி. (துடிப்பு தடுமாறினால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுக்கும் கருவி) பொருத்த வேண்டும் என்றார்கள். காரணம் தெரியாமல் படுத்திருப்பவர்களுக்குத் தெரியும், கண்ணை மூடவே பயமாக இருக்கும்.

சுற்றுக்கு வந்த பெண் மருத்துவர் ஒருவர் மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

“முதல்ல என்ன செஞ்சுது?”

“உதடு மரத்துச்சு.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க? கசாயம், லேகியம், பொடி எதுனாலும் சொல்லுங்க.”

லாத்தா முந்திக்கொண்டாள். “முட்டி வலிக்குதுன்னா. நாந்தான் நாட்டு மருந்துப் பொடி வாங்கிக் குடுத்தேன். தேன்ல கொழச்சுத் தின்னா.”

மிச்சமிருந்த பொடியும், மருத்துவமனையில் என்னைச் சேர்த்த அன்றே எடுத்து வைத்திருந்த ரத்தமும் சிறுநீரும் ஆய்வகத்துக்குப் போயின. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறுகளின் நிறையை அளந்து பொருளை இனங்காணும் முறை) செய்வதாகச் சொன்னார்கள். முடிவு வரும்வரை கருவியைத் தள்ளிவைத்தார்கள்.

லாத்தா கட்டிலருகே துஆ ஓதிக்கொண்டே இருந்தாள். என்ன கேட்டு ஓதினாள் என்று நான் கேட்கவில்லை. பொடியில் நஞ்சு இருந்தால் என் இதயம் தப்பும். இல்லையென்றால் அவள் தப்புவாள்.

மூன்றிலும் அகோனிட்டின் இருந்தது. வச்சநாபி என்ற நச்சுக் கிழங்கின் ஆல்கலாய்டு (தாவரங்களில் உண்டாகும் வீரியமான வேதிப்பொருள்). நஞ்சு நீங்கச் சரியாகச் சுத்தி செய்யாத கிழங்கைப் பொடியில் சேர்த்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

“உங்க இதயம் நல்லா இருக்கு. கருவி வேணாம்.”

லாத்தா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். “ஒனக்கு நானே நஞ்சக் குடுத்துருக்கேன்.”

“வலி போகட்டும்னுதான குடுத்தே. நீ சொல்லப்போயித்தான் தெரிஞ்சுச்சு.”

இன்றும் லாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தால் தன் கையால் எனக்குத் தண்ணீர்கூட மோந்து தருவதில்லை.

மாதங்களாகிவிட்டன. நஞ்சு உடம்பைவிட்டு எப்போதோ போய்விட்டது. சவுதியில் தம்மாமிலிருந்து என் கணவர் போனில் பேசும்போது, “எப்படி இருக்கே?” என்பார். முன்பெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். இப்போது கை நெஞ்சுக்குப் போகிறது. ஒரு துடிப்பு, அடுத்தது, அதற்கும் அடுத்தது. அந்தப் பக்கம் அவரும் காத்திருக்கிறார்.

பிறகுதான், “நல்லா இருக்கேன்” என்கிறேன்.