பன்னிரண்டாம் நாள் சாமியானா

ஏற்காட்டில் எந்த வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாகச் சுப்பிரமணிக்குத்தான் போன் போகும். சாவு வீடென்றால் சில சமயம் சொந்தக்காரர்களுக்கு முன்னாலேயே போய்விடும். ஒரு சாமியானா, ஐம்பது நாற்காலி, ஒரு தண்ணீர் டிரம் என்று சொன்னால் போதும். முக்கால் மணி நேரத்தில் அவருடைய பிக்கப் வண்டி வாசலில் வந்து நிற்கும். மலையில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், எங்கே கடப்பாரை இறங்காமல் பாறை தட்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வெள்ளக்கடைப் பக்கம், எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் பிறந்தவர். இருபது வயதுவரை காப்பி மூட்டை சுமந்தார். பிறகு பழைய தார்ப்பாய் ஒன்றும் ஆறு சவுக்குக் கம்பும் வைத்துக்கொண்டு தொழிலை ஆரம்பித்தார். இப்போது ஐம்பத்திரண்டு வயது.

இத்தனை வருஷத்தில் யாரையும் அவர் பகைத்துக்கொண்டதில்லை. கட்சிக் கூட்டமென்றால் எந்தக் கட்சி என்று கேட்கமாட்டார். மாரியம்மன் பண்டிகைக்கும் போவார், மாதா கோயில் தேருக்கும் போவார். மே மாதக் கோடை விழாவில் ஒன்பது வருஷமாக மேடைப் பந்தல் அவருடையதுதான். ஸ்டேஷனில் ஆயுத பூஜைக்கு ஜமுக்காளம் விரிப்பதும் அவர்தான். எதிரே வருகிற எவரைப் பார்த்தும் வண்டியை நிறுத்தி இரண்டு வார்த்தை பேச முடிகிறதே, அதுதான் அவருக்குப் பெருமை.

அந்தப் பெருமைக்கு ஏப்ரல் கடைசியில் சோதனை வந்தது. மாதம்மாள் கடைக்கு வந்தாள்.

மாதம்மாள் மேல்சுனை எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். சுப்பிரமணிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவள். அந்த எஸ்டேட் போன வருஷம் கைமாறியது. வாங்கியவர்கள் ரிசார்ட் கட்டப் போவதாகப் பேச்சு. வந்ததும் முதல் வேலையாக, லைன் வீடுகளுக்குப் போகும் பாதையில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார்கள். உள்ளே முப்பத்திநாலு குடும்பம். ஆள் நுழையச் சந்து இருந்தது, வண்டி நுழைய வழியில்லை. காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் ஏறினார்கள். பிப்ரவரியில் ஒரு விடியற்காலை மாதம்மாளின் புருஷன் பெரியசாமிக்கு வாயும் கையும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் கேட்டோடு நின்றுவிட்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து சேர்ப்பதற்குள் நேரம் போய்விட்டது. உயிர் பிழைத்தார், இடது கை பிழைக்கவில்லை.

"தாலுகா ஆபீஸ் முன்னால உக்காரப் போறோமுங்கண்ணா. ஸ்டேஷன்ல பர்மிசன் குடுத்துட்டாங்க, பத்து மணியிலிருந்து அஞ்சு மணிவரைக்கும். ஒரு நாளைக்குத்தானுங்க. ஒரு சாமியானா மட்டும் குடுங்க போதும்."

ஒரு நாள்தானே என்று சுப்பிரமணி கொடுத்தார். சாலையோரம் தானே போய்க் கட்டியும் கொடுத்தார். அன்றைக்கு அஞ்சு மணிக்கு வண்டியோடு போனபோது அறுபது பெண்கள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தாசில்தார் வெளியே வந்து பேசவில்லை, அதனால் எழுந்திருக்கமாட்டோம் என்றார்கள். மறுநாளும் அப்படித்தான். அடுப்பு வந்தது, பாத்திரம் வந்தது, போர்வை வந்தது. முறைபோட்டு வேலைக்குப் போனவர்கள் போக, மிச்சப்பேர் அங்கேயே தூங்கினார்கள்.

சாமியானாவின் தொங்கல் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் அவருடைய பெயரும் போன் நம்பரும் தைத்திருக்கும். நாலாம் நாள் பேப்பரில் போட்டோ வந்தது. கோஷம் போடுகிற பெண்களின் தலைக்கு மேலே 'சுப்பிரமணி சாமியானா, ஏற்காடு' என்று பளிச்சென்று தெரிந்தது. டீக்கடையில் பேப்பரை நீட்டியவர் சிரித்துக்கொண்டேதான் நீட்டினார். சுப்பிரமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலமே போய், "காத்து மாறி அடிக்குதுங்க" என்று ஒரு சாக்குச் சொல்லித் துணியைத் திருப்பிக் கட்டினார். பெயர் உள்பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, இப்போது அந்தப் பெண்கள் நாள் முழுக்கத் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று.

அதற்குப் பிறகு போன் அடித்தால் யாரென்று பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்.

"ஏனுங்க, போனை எடுக்காம அதையே பாத்துக்கிட்டு இருக்கறீங்க?" என்று கேட்பாள் அவர் மனைவி பழனியம்மாள். "போயி அவுத்துக்கிட்டு வந்துருங்க. ஒரு நாளுன்னு சொல்லித்தான வாங்குனாங்க? நம்ம ஊட்டுக்கு எதுக்குங்க இந்த வம்பு?"

"போலாம், போலாம்" என்பார். போகமாட்டார்.

பதினோராம் நாள் மத்தியானம் சப்-இன்ஸ்பெக்டர் அன்பழகன் கடைக்கே வந்தார். ஜீப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கோடை விழாவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"சுப்பிரமணி, நான் சுத்தி வளைக்கல. விழாவுக்கு மந்திரி வர்றாரு. அந்த ரோட்டுலதான் வரணும். நாங்க பந்தல்ல கை வெச்சா, பொம்பளைங்க மேல கை வெச்சாங்கன்னு ஆயிரும். ஆனா பொருள் உங்களுது. நீங்க வந்து எடுத்துக்கிட்டா அதுல யாரு என்ன சொல்ல முடியும்? வெயிலு, மழைன்னா அவங்களே கிளம்பிருவாங்க. நாளைக்குக் காலைல பத்து மணி."

"சார், அவங்க எல்லாம் தெரிஞ்ச சனங்க..."

"எனக்கு நீங்களும் தெரிஞ்சவர்தான். அதனாலதான் சொல்றேன். பத்து நாளா பர்மிசன் இல்லாத பந்தல். போட்டது யாருன்னு துணியிலயே எழுதியிருக்கு. கேஸ் எழுதுனா அந்தப் பேரை விட்டுட்டு எழுத முடியாது. கோடை விழாப் பந்தல் லிஸ்ட் வேற இன்னும் கையெழுத்தாகல."

போகும்போது அவர் சுப்பிரமணியின் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டல் அன்றைக்கு முழுக்கத் தோளிலேயே இருந்தது. பழனியம்மாள் போட்ட சோறு அப்படியே ஆறியது. மாதம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாமே பொய் மாதிரி இருந்தது.

காலை ஒன்பதரைக்குச் சுமைக்காரர் லூர்துராஜைக் கூட்டிக்கொண்டு போனார். மூடுபனி இன்னும் விலகவில்லை. தாலுகா ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்தில் ஜீப்பும் ஒரு வேனும் நின்றன. வேனுக்குள் பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தார்கள். பந்தலில் நாற்பது பேர் இருப்பார்கள். பிக்கப் வண்டியைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

மாதம்மாள் எழுந்து வந்தாள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் வேனைப் பார்த்தாள், ஜீப்பைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எடுக்கச் சொல்லிட்டாங்களாண்ணா?"

அவர் தலையை ஆட்டினார்.

"எடுத்துக்குங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? ஒரு நாளைக்குன்னு வாங்கி இத்தனை நாளு வெச்சுக்கிட்டது எங்க தப்புத்தானுங்க." திரும்பி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "சட்டியெல்லாம் நகத்துங்க சாமி. அண்ணன் கயித்தை அவுக்கட்டும்."

அவர்கள் திட்டியிருந்தால் சுப்பிரமணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. ஜமுக்காளத்தை இரண்டு பெண்கள் உதறி, முனைக்கு முனை சேர்த்து மடித்துக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார்கள். ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியசாமியை எழுப்பி, ஒரு மரத்தடிக்கு நகர்த்தினார்கள். அவர் இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சுப்பிரமணியைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

சுப்பிரமணி கிழக்குப் பக்கத்து முதல் முளைக்குப் போனார். கயிறு பனியில் நனைந்து இறுகியிருந்தது. முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தார். இரண்டாவதையும் அவிழ்த்தார். துணி ஒரு பக்கம் தொய்ந்து பெண்களின் தலைமேல் இறங்கியது. அப்போது ஒரு போலீஸ்காரர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"அண்ணே, அப்பிடியே இந்தப் பக்கம் பாருங்க. உங்க பேரைச் சொல்லி, 'என் சொந்த விருப்பத்துல, யாரும் சொல்லாம, நானா வந்து எடுத்துட்டுப் போறேன்'னு சொல்லிருங்க. ரெக்கார்டுக்கு."

சுப்பிரமணி கயிற்றைப் பிடித்தபடி நின்றார். "அதான் எடுக்குறேனுங்களே. அதை வேற எதுக்குச் சொல்லணும்?"

"ஒரு வரிதாண்ணே. சொல்லுங்க, ஓடுது."

தொண்டையைக் கனைத்தார். "என் பேரு சுப்பிரமணி. சாமியானாக் கடை வெச்சிருக்கேன். ஸ்டேஷன்ல எடுக்கச் சொன்னாங்க. அதனால எடுக்குறேன்."

போலீஸ்காரர் போனை இறக்கினார். "அப்பிடி இல்லீங்கண்ணே. நீங்களா எடுக்குறீங்க. திரும்பச் சொல்லுங்க."

அறுபது அடி தூரத்தில் ஜீப்பில் சாய்ந்தபடி அன்பழகன் பார்த்துக்கொண்டிருந்தார். தொய்ந்த துணியின் கீழே குனிந்தபடி பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயந்துபோய் எடுக்கிறார் என்று ஊரே சொல்லட்டும், அது உண்மைதான், அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தார். ஆனால் பயமே இல்லாமல், தானாக வந்து எடுத்ததாக நாளைக்கு ஒரு போனில் அவர் முகமே பேசும். அதை இவர்களும் பார்ப்பார்கள்.

"என் பேரு சுப்பிரமணி..." என்று மறுபடி ஆரம்பித்தார். "நான் எடுக்கலீங்க."

"என்னண்ணே?"

"எடுக்கலீங்க. விட்டுருங்க."

கயிற்றை மறுபடி முளையில் சுற்றினார். முடிச்சுப் போடத் தெரியாதவன் மாதிரி இரண்டு தடவை நழுவவிட்டார். மூன்றாவது தடவை லூர்துராஜ் வந்து முளையை மிதித்துப் பிடித்துக்கொள்ள, கயிறு நின்றது. துணி மேலே ஏறியது. பெண்கள் யாரும் கை தட்டவில்லை. அவர்களுக்கும் அதே பயம்தான். மாதம்மாள் மட்டும் வண்டிக்குப் போய், மடித்து வைத்த ஜமுக்காளத்தை எடுத்துவந்து திரும்ப விரித்தாள்.

அன்பழகன் நடந்து வந்தார். "நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்றார்.

"யோசிக்கலீங்க சார். நொம்பப் பயமாத்தான் இருக்குது."

"அப்பா பேரு சொல்லுங்க." நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

அன்று பகல் முழுக்க சுப்பிரமணி வீட்டுக்குப் போகவில்லை. வேனின் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றார். பழனியம்மாளிடமிருந்து ஒன்பது போன் வந்திருந்தது. பத்தாவது தடவை அவளே ஆட்டோவில் வந்து இறங்கினாள். எல்லார் முன்னாலும் திட்டப் போகிறாள் என்று நினைத்தார். அவள் அவரைப் பார்க்காமலே போய், மாத்திரைப் பையை அவர் மடியில் போட்டுவிட்டு, அடுப்புப் பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

நாலு மணிக்குத் தாசில்தாரம்மா ஐந்து பேரை உள்ளே கூப்பிட்டனுப்பினார். ஏன் அன்றைக்குக் கூப்பிட்டார் என்பது சுப்பிரமணிக்குக் கடைசிவரை தெரியாது. சேலத்திலிருந்து போன் வந்தது என்றார்கள் சிலர். விழா நெருங்கிவிட்டதால் வேறு வழியில்லை என்றார்கள் சிலர். இருட்டுகிற நேரத்தில் மாதம்மாள் ஒரு தாளோடு வெளியே வந்தாள். காலை ஆறிலிருந்து இரவு எட்டுவரை கேட் திறந்திருக்கும். ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தால் வாட்ச்மேன் திறப்பார். பாதை யாருடையது என்பதைச் சர்வே எடுத்துப் பிறகு முடிவு செய்வார்கள். கேட்டை எடுப்பதாக எங்கும் எழுதவில்லை. அரை மனதாகத்தான் எழுந்தார்கள்.

அந்த வருஷம் கோடை விழாப் பந்தலைச் சேலத்துக்காரர் ஒருவர் போட்டார். சுப்பிரமணி அந்தப் பக்கமே போகவில்லை. வழக்கு மட்டும் நிற்கவில்லை. அனுமதியில்லாமல் கூடியது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்தது என்று பதினாலு பேர்மேல் எழுதியிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில் சுப்பிரமணி ஐந்தாவது எதிரி.

ஆகஸ்டில் முதல் வாய்தா. சேலம் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, வழக்கமாகத் தூங்கிவிடுகிற சுப்பிரமணி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் மாதம்மாள். சர்வேக்காரர்கள் வந்து அளந்து போனார்கள், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். கேட் எட்டு மணிக்குப் பூட்ட வேண்டியது, சில நாள் ஏழுக்கே பூட்டிவிடுகிறார்களாம்.

அடிவாரத்தில் பஸ் நின்றதும் வெக்கை முகத்தில் அடித்தது.

"ஏனுங்கண்ணா, கோர்ட்டுல நாம என்ன சொல்லோணும்?"

"பேரைக் கூப்பிட்டா ஆஜர்னு சொல்லோணுமாம். அவ்வளவுதான்னு வக்கீல் சொன்னாரு."

"அதுக்கே எனக்குக் கை காலெல்லாம் சில்லுன்னு இருக்குதுங்க."

"எனக்குந்தான்" என்றார் சுப்பிரமணி. கொஞ்சம் நகர்ந்து, ஜன்னலை அவள் பக்கம் முழுசாகத் திறந்துவிட்டார்.