காப்பிச் செடியும் தொதல் பெட்டியும்

ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் சின்ன விமானம் ஏறி இறங்கும் புல்தரை ஒன்றில் அவர் காவலாளி. தோளில் சிவப்புத் துண்டு, சேறு அப்பிய வெறுங்கால். பயணிகளைக் கக்கத்தில் பிடித்து, தேயிலைக் கொழுந்து மூட்டையைப் போலத் தூக்கி எடை பார்ப்பது அவர் வழக்கம். என்னையும் தூக்கினார்.

“அறுவது கிலோன்னா எழுதியிருக்கீங்க? எழுவதுக்குக் கொறையாதுங்க. மழையில புல்லு ஊறிக் கெடக்கு, சக்கரம் பொதைஞ்சிரும்.”

எடை கூடினால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயணிகள் பதிவேட்டில் நான் எழுதிய பொய் அது. அசடு வழிந்துகொண்டே ஏறிவிட்டேன்.

விமானம் ஓடும் புல்தரையின் பாதித் தூரத்தில், ஓரமாகப் பழைய காப்பிச் செடி ஒன்று நின்றது. அதற்குள் வேகம் பிடிக்காவிட்டால் அவர் துண்டை ஆட்டுவார். விமானி நிறுத்திவிட வேண்டும். ஆட்டினார். வேலிக்குப் பத்தடி முன்னால் நின்றோம். என் நெஞ்சு மட்டும் பறந்துகொண்டிருந்தது.

நிதானமாக நடந்து வந்தவர், கொழும்பிலிருக்கும் தங்கைக்காக நான் வாங்கிய, தொதல் என்னும் இனிப்புப் பெட்டியைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

“ஒண்ணு இது எறங்கணும், இல்லாட்டி நீங்க எறங்கணும்.”

யோசிக்காமல் பெட்டியைக் கொடுத்தேன். மறுபடி ஓடினோம். காப்பிச் செடிக்கு முன்பே சக்கரம் சேற்றை உதறியது. வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்ட, சின்னப்பிள்ளை போலக் கத்தினேன்.

கீழே பார்த்தால், அவர் செடியடியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்!

“அந்த ரெண்டு கிலோ தொதலா நம்மளப் புடிச்சு வச்சது?” என்று விமானியிடம் கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? போன கிழமை எறக்கினது லட்டு,” என்றார் அவர். “ஆனா இதுவரைக்கும் ஒரு ப்ளேன்கூட வேலியில மோதல.”