‘கட்டி’ என்று எழுதிவிட்டேன்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சண்டை. காரணம், ஒரே ஒரு சொல்.

"ஏனம்மணி, கரண்ட் பில் கட்டிட்டயா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கேள்விதான்.

"கட்டிட்டயான்னு கேக்காதீங்க! செலுத்திட்டயான்னு கேளுங்க!"

கத்திவிட்டேன். கையிலிருந்த தோசைக் கரண்டி வேறு மேலே எழும்பிவிட்டது. மனிதர் இரண்டடி பின்வாங்கி, "சரிங்க... செலுத்திட்டீங்களாங்க?" என்றார். வழக்கமாக இந்த மாதிரிக் கிண்டலுக்கு நான் சிரித்துவிடுவேன். அன்றைக்கு முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

ஒரு சொல்லுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? ஆமாம். அந்த ஒரு சொல்லை எழுதி, நல்ல மனிதர் ஒருவருடைய பெயரைக் கெடுத்துவிட்டேன். பல வாரமாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஊரில் உள்ளவர்கள் குற்றத்தையெல்லாம் எழுதுகிறவள், என் குற்றத்தை எழுதாமல் விட்டால் நியாயமா?

பெரியகடை வீதிப் பக்கம் பூட்டுக் கடை வைத்திருப்பவர் கரீம் பாய். பூட்டு, கீல், தாழ்ப்பாள், சங்கிலி... கருமத்தம்பட்டி விசைத்தறிக்காரர்கள் பாதிப் பேர் வீட்டுக்கும் குடோனுக்கும் அவரிடம்தான் வாங்குவார்கள். சில வருடங்களுக்கு முன்னால் பீரோ சாவியைத் தொலைத்துவிட்டு ஆர்.எஸ்.புரம் முழுக்க அலைந்தேன். யாரோ சொல்லி அவர் வந்தார். ஒரு கீறல் விழாமல் திறந்தார். திறந்த கையோடு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உள்ள என்ன இருக்குதுன்னு நான் பாக்கக் கூடாதுங்க அக்கா. நீங்க பாத்துக்குங்க."

அப்படிப்பட்ட மனிதர். ஊரெல்லாம் லாட்டரிச் சீட்டுத் தொங்கிய காலத்தில்கூட ஒன்று வாங்கியதில்லை. கல்யாண மண்டபத்தில் யாராவது சீட்டுக்கட்டை எடுத்தால் செருப்பைத் தேடிப் போய்விடுவார். ஜவுளிக்கடையில் கொடுக்கிற பரிசுக் குலுக்கல் கூப்பனைக்கூட அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற ஆள். ஏன் பாய் என்று ஒருநாள் கேட்டேன். "உழைக்காம வர்ற காசு எந்தப் பூட்டுக்கும் அடங்காதுங்க அக்கா" என்றார். பூட்டு விற்கிறவரே சொன்னால் அப்பீல் ஏது?

அவருடைய ஒரே மகள் ஷபானா. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கடைக்கு மேல் மாடி அறையில் உட்கார்ந்து இரண்டு வருடம் பாடுபட்டு ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்தாள். பெயர் ‘கொண்டை ஊசி’. ஊட்டியிலிருந்து கேரட் மூட்டையும் உருளைக்கிழங்கு மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் மூட்டை சரியும். சரியாமல் அடுக்குவதுதான் ஆட்டம். நடுவில் குரங்கு வந்து கேரட்டை உருவும். மூடுபனி இறங்கும். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தே உயிரை எடுப்பான். அந்த ஹாரன் சத்தத்துக்காக நிஜமாகவே மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் முழுக்க போனைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

விலை தொண்ணூற்றொன்பது ரூபாய். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் ஆடலாம். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. ஜெயித்தால் மண்டிக்காரர் "நல்லா எறக்கிப்போட்ட கண்ணு" என்பார். அவ்வளவுதான் லாபம்.

நானும் வாங்கினேன். அடுத்த நிமிடம் மெயிலில் பில் வந்தது. கேமின் விலை எண்பத்து மூன்று ரூபாய் தொண்ணூறு பைசா. பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி பதினைந்து ரூபாய் பத்து பைசா. ஆக மொத்தம் தொண்ணூற்றொன்பது.

எனக்குச் சிரிப்பான சிரிப்பு. கையில் பிடிக்க முடியாது, தராசில் வைக்க முடியாது, எலி கடிக்காது... அதற்கும் வரியா! இல்லாத கேரட்டை இல்லாத லாரியில் ஏற்றி, இல்லாத மலையில் இறக்குவதற்குப் பதினைந்து ரூபாய் பத்து பைசா! வரி மட்டும் நிஜம். ஷபானாவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். "எங்க அத்தா ஒரு பைசா பாக்கி வெக்க மாட்டாங்க ஆன்ட்டி. கடையோட ஜிஎஸ்டி நம்பர்லயே கேமையும் சேத்துட்டாங்க. மாசாமாசம் அவங்களே ரிமைண்ட் பண்ணிக் கட்டிடுவாங்க."

கட்டிடுவாங்க. அப்போது அந்தச் சொல் எனக்கு உறைக்கவே இல்லை.

பூட்டுக் கடை நம்பரில் திடீரென்று ‘ஆன்லைன் கேம்’ என்று ஒரு பதிவு ஏறியதும் ஜிஎஸ்டி ஆபீசில் யாருக்கோ சந்தேகம் வந்திருக்கிறது. தப்புச் சொல்ல முடியாது. இப்போது நம் ஊரில் ‘ஆன்லைன் கேம்’ என்று சொன்னால் யாருக்கு கேரட் லாரி ஞாபகம் வரும்? ரம்மிதான். பணத்தைத் தொலைத்துவிட்டுக் கயிற்றைத் தேடிய பிள்ளைகள்தான். பணம் வைத்து ஆடுகிற ஆட்டங்களுக்குத் தடை வந்தாயிற்று, சூதுக்கென்று நாற்பது சதவீத வரியும் இருக்கிறது. ஆக, ‘உங்கள் தொழில் என்ன, விளக்கவும்’ என்று கரீம் பாய்க்கு ஒரு கடிதம் வந்தது.

ஷபானா ஆங்கிலத்தில் நாலே நாலு வரி பதில் அடித்து வைத்திருந்தாள். டிஜிட்டல் ப்ராடக்ட், ஒரு தடவை வாங்குவது, பந்தயம் இல்லை, பரிசு இல்லை. முடிந்தது. ஆடிட்டரும் சரி என்றுவிட்டார். எதற்கும் ஒரு பார்வை பார்க்கட்டுமே என்று பாய் அதை என்னிடம் கொண்டுவந்தார்.

என் நாக்கில் சனி உட்கார்ந்தது அப்போதுதான்.

"நம்ம ஊரு, நம்ம ஆபீசு, எதுக்குங்க பாய் இங்கிலீஷு? நான் தமிழ்ல எழுதித் தாரேன், படிச்சா அவிங்களுக்கே கண்ணு கலங்கும்" என்றேன். இத்தனை வருடம் பத்தி எழுதுகிறவளுக்கு ஒரு கடிதம் பெரிய விஷயமா? உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மலை, மூடுபனி, குரங்கு, விவசாயியின் உழைப்பு... பாய் படித்துவிட்டு நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு கிலோ பேரீச்சம்பழம் வந்தது.

அந்தக் கடிதத்தின் மூன்றாவது பத்தியில் நான் எழுதிய வாக்கியம் இது: ‘இது பொதுமக்கள் பணம் கட்டி விளையாடும் இணைய விளையாட்டு.’

நான் நினைத்தது என்ன? ஃபீஸ் கட்டுகிறோம், பில் கட்டுகிறோம், அந்தக் ‘கட்டி’. படித்தவர் நினைத்தது என்ன? குதிரைமேல் பணம் கட்டுகிறோமே, சேவல்மேல் கட்டுகிறோமே... அந்தக் ‘கட்டி’.

நோட்டீஸ் வந்தது. என் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டு, கீழே கோடு வேறு. ‘தாங்களே ஒப்புக்கொண்டுள்ளபடி’ இது பணம் கட்டி விளையாடும் ஆட்டம் என்பதால், சூதுக்கான வரியை ஆரம்பத்திலிருந்து ஏன் வசூலிக்கக் கூடாது? கடையின் ஜிஎஸ்டி நம்பரை ஏன் நிறுத்தக் கூடாது?

ஓடினேன். பாயையும் ஷபானாவையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். நம் கொங்கு நாட்டு மரியாதை இருக்கிறதே... கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள். அந்த அதிகாரி எழுந்து நின்று நாற்காலி போட்டார். டீ சொன்னார். ஷபானா லேப்டாப்பில் ஆடிக் காட்டியதை முழுசாகப் பார்த்தார். குரங்கு வந்தபோது சிரிக்கவும் செய்தார்.

"எனக்குப் புரியுதுங்க மேடம்" என்றார். "ஆனா ஃபைல்ல ஏறிப்போச்சுங்க. ஃபைலுக்குப் புரியோணுமல்லங்க?"

"அது வார்த்தைப் பிசகு சார். நான்தான் எழுதினேன். ‘விலை கொடுத்து வாங்கி’ன்னு எழுதியிருக்கணும். புதுசா எழுதி எடுத்துட்டே வந்திருக்கேன், பாருங்க."

அவர் வாங்கிப் படித்தார். "தமிழ் அருமைங்க மேடம். ஆனா நோட்டீஸ் வந்ததுக்கப்புறம் மாத்தி எழுதிக் குடுக்கறது எல்லாரும் பண்றதுதானுங்க. மொதல்ல எழுதினதுதான் நெஞ்சுல இருந்து வந்ததுன்னு மேல சொல்லுவாங்க. ஏனுங்க, நாங்க என்ன இட்டுக்கட்டியா எழுதினோம்?"

இதில் கொடுமை, வெளியே வரும்போது நாங்கள் மூன்று பேரும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

ஆடிட்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மொத்தம் விற்றதே முன்னூற்றுச் சொச்சம் பேருக்கு. வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு ஃப்ரிட்ஜ் விலைகூட வராது. "கட்டித் தொலைச்சுட்டு கேமை நிறுத்திப்போடுங்க பாய். அப்பீல் போனா வருஷக்கணக்குல இழுக்கும். அதுக்குள்ள நம்பரை நிறுத்திட்டாங்கன்னா கருமத்தம்பட்டிக்காரங்க ஒருத்தர் உங்ககிட்ட பில் போட்டு வாங்க மாட்டாங்க. பூட்டுக் கடைக்கே பூட்டுங்க."

கரீம் பாய் நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"காசு பெருசில்லீங்க அக்கா. கட்டிட்டா ஒத்துக்கிட்ட மாதிரிங்களே. இந்த ஊட்டுல சூதுக்காசு வந்துச்சுன்னு கவர்மெண்டு காயிதம் ஒண்ணு இருக்கும். என் கையெழுத்தோட. நான் மௌத்தான பின்னாலயும் இருக்கும்."

அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை வாங்கிக்கொண்டிருக்கலாம். "பாய், தப்பு என்னோடது" என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. "நீங்க நல்லதுக்குத்தானுங்க எழுதினீங்க" என்றார். ரெண்டு திட்டு திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்த ‘நல்லதுக்குத்தானுங்க’ இருக்கிறதே, அது இன்னும் தூங்க விடவில்லை.

அதற்குப் பிறகு நான் யாரைப் பார்க்கவில்லை? பேப்பர்காரர்கள், வக்கீல், மேலதிகாரியின் மச்சானுக்குத் தெரிந்தவர்... எல்லாரும் ஒரே மாதிரி, "அடடா, பாவம்ங்க" என்றார்கள். எல்லாரும் கடைசியில் என்னிடமே கேட்டார்கள்: "நீங்க எப்படிங்க மேடம் அந்த வார்த்தையைப் போட்டீங்க?" பணத்தைக் கோடிக்கணக்கில் உருட்டிய நிஜ சூதாட்டக் கம்பெனிகளுக்கு இப்படி ஒரு எழுத்தாளர் கிடைக்கவில்லை பாருங்கள். அவர்களுக்கு வக்கீல்கள் கிடைத்தார்கள்.

வீட்டில் அகராதியை எடுத்துப் பார்த்தேன். வீடு கட்டுவது, தாலி கட்டுவது, மூட்டை கட்டுவது, கதை கட்டுவது, கை கட்டி நிற்பது... பக்கம் பக்கமாகப் போகிறது. இத்தனை அர்த்தம் உள்ள சொல்லை ஓர் அரசாங்கக் கடிதத்தில் போடலாமா? பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியிருந்தால் நானே சிவப்பு மையில் சுழித்திருப்பேன். தமிழ் நமக்குச் சோறு போடுகிறது என்று மேடையில் பேசியிருக்கிறேன். அடுத்தவர் சோற்றில் மண்ணையும் போடும் என்று தெரியாமல் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை ஷபானா கேமை எடுத்துவிட்டாள். இனி யாரும் வாங்க முடியாது. பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேரப் போகிறாளாம். என்ன வேலை என்று கேட்டேன். "கம்பெனிங்களுக்கு பில் போடற சாஃப்ட்வேர் ஆன்ட்டி" என்றாள். விடைபெற வீட்டுக்கு வந்தவள், கிளம்பும்போது என் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட இருக்கறது அப்படியே இருக்கும், ஆடுங்க. அதுல கவுந்தாக்கூட மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்" என்று சொன்னாள். அந்தப் பெண்ணின் இரண்டு வருடத்தை நான் ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டேன். இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கரீம் பாய் போன் செய்தார். பின்னால் கடைத்தெரு இரைச்சல். யாரோ கீலுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, முடிஞ்சுதுங்க. கடை நம்பரை நிறுத்த மாட்டாங்களாம்."

"என்ன பாய் பண்ணினீங்க?"

கீல் கேட்டவரிடம் விலை சொன்னார். அப்புறம் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கக் கூடாது. முப்பது வருடமாக ஒரு தவணை தவறாமல் வரி செலுத்துகிற மனிதர் அவர்.

"வாழ்க்கையிலயே மொதத் தடவையா... பணம் கட்டிட்டேனுங்க அக்கா."

கரண்ட் பில்லா? வீட்டுக்காரரே செலுத்திவிட்டார்.