யூனிஸ் சொன்ன காரணம்

இரும்புலியூரில் கொரோனா ஊரடங்கு இருந்த அந்த மே மாதம் முழுக்க வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்தவள் யூனிஸ். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, மூச்சு வாங்குதா, வாசனை தெரியுதா என்று படிவத்தில் இருப்பதைக் கேட்டு, விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு நூறு வீடு.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய மகள் ஜாஸ்மினுக்கு இரண்டு முறை வாந்தி, நாலைந்து முறை பேதி. ஏழு வயதுப் பிள்ளை. சாப்பாடு வேண்டாம் என்று துவண்டு கிடந்தது. உடம்பு சுடவில்லை, இருமல் இல்லை. மாம்பழம் சேரவில்லை போலிருக்கிறது என்று உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துவிட்டு யூனிஸ் வேலைக்குப் போனாள். நாவலூர் கம்பெனிக்கு வேன் ஓட்டிய அவள் கணவன் ஸ்டெபின் ஊரடங்கில் வீட்டில்தான் இருந்தான். மகளை மார்மேல் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்த்துக்கொண்டான். மூன்றாம் நாள் அவள் எழுந்து விளையாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெபினுக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்த ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். முகம் பார்க்க விடவில்லை.

யூனிஸ் மறுபடி வேலைக்குச் சேர்ந்த வாரம், காய்ச்சல் முகாமில் ஒரு டாக்டரம்மா தாய்மார்களிடம் பேசிக்கொண்டிருந்தார். “பசங்களுக்குப் பெரியவங்க மாதிரியே வரணும்னு இல்லம்மா. நெறைய பேருக்குக் காய்ச்சல், இருமல், சளி இருக்கும். சில பேருக்கு வெறும் வாந்தி, பேதி, சோர்வு மட்டும்தான். சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது.” யூனிஸ் கையிலிருந்த படிவங்களோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த நாத்தனாரிடம் அதைச் சொல்லி அழுதாள். “அப்போ கொழந்த கிட்டருந்துதான் என் தம்பிக்கு வந்துகீது” என்றாள் அவள். ஜாஸ்மின் வாசற்படியில் நின்றிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளை மாஸ்க்கைக் கழற்றவில்லை. அம்மாவின் பக்கத்தில் படுக்கவில்லை. ஒரு மத்தியானம் சோறு ஊட்டப் போன யூனிஸின் கையைத் தள்ளிவிட்டு, “கிட்ட வராதம்மா. அப்பா மாதிரி நீயும் செத்துடுவ” என்றாள்.

யூனிஸ் தட்டைக் கீழே வைத்தாள்.

“யார் சொன்னது? அம்மாதான் தெனம் நூறு வூட்டுக்குப் போனேன். நான்தான் எடுத்துகினு வந்தேன். உன்கிட்டருந்து வரல கண்ணு.”

அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஜாஸ்மின் மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கேட்டாள்: “அப்ப நீ எதுக்கும்மா போன?”

யூனிஸ் தட்டை எடுத்துச் சோற்றைப் பிசைந்தாள். பிள்ளை அன்று சாப்பிட்டாள். ஒரு மாதம் கழித்து அவளாகவே பாயை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டாள்.

இப்போது ஜாஸ்மினுக்குப் பதினோரு வயது. அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், “அம்மா வேலைக்குப் போய் கொரோனா எடுத்துட்டு வந்துட்டாங்க” என்று சாதாரணமாகச் சொல்கிறாள். பக்கத்தில் நிற்கும் யூனிஸ் ஒருமுறைகூட அதைத் திருத்தியதில்லை.