கிரவுன் பினியனும் முன் சீட்டும்

என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. இருந்தது என்றால் ஓடியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, வாங்கிய வண்டி. அதைச் செய்த கம்பெனி அந்த மாடலை எப்போதோ மறந்துவிட்டது. மறக்காமல் இருந்தவன் நான் ஒருவன்தான். கொஞ்ச வருஷம் முன்பு வரை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் அதை ஓட்டிக்கொண்டு போனால், ஷேர் ஆட்டோக்காரர்கள் "ஓட்டை வருது, ஒதுங்கு" என்பார்கள். இப்போது அதற்கு விண்டேஜ் என்று பெயர். கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து அதன் மேல் சாய்த்து வைக்கிறார்கள். இந்தப் புது மரியாதையால் எனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவர்களுக்குத்தான் கிடைத்தது. ஓட்டைக்கு ஒரு விலை, விண்டேஜுக்கு ஒரு விலை.

அந்த வண்டியை நான் விடாமல் வைத்திருந்ததற்கு என் மனைவிதான் காரணம். அவள் பஸ்ஸிலிருந்து விழுந்து முழங்கால் உடைந்த பிறகு வலது கால் மடங்குவதே இல்லை. புதுக் கார்களில் அவளை ஏற்றுவது, கம்பியைப் பெட்டிக்குள் திணிக்கிற வேலை. என் காரின் முன் சீட்டு மட்டும் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீளம். கியரும் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருப்பதால் குறுக்கே எதுவும் கிடையாது. காலை நீட்டி, புர்காவைச் சரிசெய்து, பாய் விரித்த மாதிரி உட்காருவாள். வாரத்துக்கு ஒரு முறை மூங்கில்துறைப்பட்டில் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய் வருவோம்.

அப்படிப் போய்த் திரும்பும்போதுதான் ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் வண்டி கரகரவென்று கத்திவிட்டு நின்றது. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, சக்கரம் மட்டும் நகர மறுக்கிறது. மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். பின் அச்சுக்கு நடுவில் ஒன்றையொன்று கடித்துச் சுற்றும் பல்சக்கரம் இரண்டு உண்டு, அதற்குக் கிரவுன் பினியன் என்று பெயர், அதில் பல் போய்விட்டது என்றார்.

"பல்லு போச்சுன்னா கட்டிக்கலாம் இல்ல?" என்றாள் மனைவி.

"ஜோடியா மாத்தணும்மா. கெடைச்சா."

அந்தக் 'கெடைச்சா'வில் என் மழைக்காலம் முழுவதும் போனது.

சென்னையில் பழைய பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்குப் போனேன். ஒவ்வொரு கடையிலும் "ஒரே ஒரு செட்டுதான் கீது பாய், அதுவும் ஒரு டாக்டர் கேட்டு வெச்சிக்கிறாரு" என்றார்கள். எல்லாக் கடையிலும் அதே டாக்டர். அவரிடம் எத்தனை கார் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போவேன். விலை கேட்டால் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். கண்ணில் ஆசை தெரிந்தால் ஜாஸ்தி, தெரியாவிட்டாலும் ஜாஸ்தி. கடைசியில் இணையத்தில் ஒருவரிடம் ஆர்டர் போட்டேன். ஒரிஜினல் என்று நான்கு பக்கமும் அச்சடித்த அட்டைப்பெட்டியில், வேறு ஏதோ வண்டியின் பினியன் எண்ணெய் வழியப் பத்திரமாக வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன். பிரித்துவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். பிரிக்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்கிற வித்தையை அவர்கள் சொல்லித் தரவில்லை.

இத்தனைக்கும் எனக்கு வேண்டிய பினியன் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், ஒரு மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது. அங்கே மரவள்ளி போடுகிற ஒருவரிடம் என் வண்டியின் கூடப்பிறந்த வண்டி ஒன்று உண்டு. மாவட்டத்தில் இந்த மாடல் இரண்டே இரண்டுதான். அவர் வண்டியில் எஞ்சினின் மேல்பாகம், அதாவது ஹெட்டு, வெடித்துக் கிடக்கிறது. பின்பக்கம் புதுசு மாதிரி. என் வண்டியில் ஹெட்டு அருமை, பின்பக்கம் போய்விட்டது. பல வருஷங்களாக அவர் வண்டி எப்போது செத்துப்போகும் என்று நானும், என் வண்டி எப்போது செத்துப்போகும் என்று அவரும் அன்போடு காத்திருந்தோம்.

இதில் ஒரு முறை உண்டு. பார்ட்டை நேராகக் கேட்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போகிற மாதிரி போக வேண்டும். நான் பிரியாணிப் பொட்டலத்தோடு மலையேறி, "வண்டி எப்டி கீதுங்க?" என்பேன். "நல்லா கீது பாய். பொங்கலுக்கு ஓட்டிடுவேன்" என்பார். அவர் சாமையும் தேனும் எடுத்துக்கொண்டு சந்தைக்கு இறங்குகிற நாளில் என் கடைக்கு வந்து, "உங்க வண்டி எப்டி கீது?" என்பார். "குதிரை மாதிரி ஓடுது" என்பேன். இருவரும் மனசுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டே பிரிவோம். ஒருமுறை நான் காய்ச்சலில் படுத்தபோது சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். என் நெற்றியைத் தொடுவதற்கு முன்னால் வாசலில் நின்ற காரின் பானெட்டைத் தொட்டுப் பார்த்ததாக மனைவி சொன்னாள்.

பினியன் போனதை அவரிடம் மறைத்து வைத்தேன். நோயாளி படுத்துவிட்டான் என்று தெரிந்தால் ஹெட்டைக் கேட்டுவிடுவாரே.

மழை நின்றது. மனைவி அக்காவைப் பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இதற்குள் தொலைபேசியில் இருவரும் இரண்டு முறை சண்டை போட்டு, சமாதானம் ஆவதற்கு நேரில் போக முடியாமல் கிடந்தார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எங்கள் சிமெண்டுக் கடையில் லோடு ஏறுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். வீடு கடைக்குப் பின்னால்தான்.

"வண்டி இன்னா ஆச்சுங்க?"

"தேடிக்கினுதான் இருக்கேன்."

"தேடுங்க தேடுங்க" என்பாள். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மானத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு மலையேறினேன். கொட்டகையில் நின்று, பிரியாணியைக் கொடுத்து, உள்ளதை அப்படியே சொன்னேன். என் வண்டி படுத்துவிட்டது, அவள் வெளியே போய் மூன்று மாதம் ஆகிறது என்றேன். ஹெட்டைக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

அவர் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வூட்டுக்கார அம்மா அடைஞ்சி கெடக்கறாங்கன்னு மொதல்லியே சொல்றதுக்கு இன்னா பாய்?" என்றார். மாட்டை அவிழ்த்து வெளியே கட்டினார். சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். பொழுது சாய்வதற்குள் கிரவுனையும் பினியனையும் வெளியே எடுத்து, பழைய லுங்கியில் சுற்றி என் மடியில் வைத்தார். பணத்தைத் தொடவில்லை. வண்டியின் கூரையை ஒருமுறை தடவினார். "இனி இது கோழிக்குத்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை வருஷம் நான் ஆசைப்பட்ட சாவு அது, கண்ணெதிரே நடந்துவிட்டது.

ஜெயித்தவனாகத்தான் வீடு திரும்பினேன். ஷெட்டில் கார் நின்றது. கதவைத் திறந்தால் முன் சீட்டைக் காணோம். நான்கு போல்ட் ஓட்டைகளும், எப்போதோ தொலைத்த ஒரு பேனாவும் கிடந்தன. திருடன் என்று நினைத்துக் கத்திக்கொண்டு உள்ளே ஓடினால் மனைவியையும் காணோம்.

கொஞ்ச நேரத்தில் கடையின் குட்டி யானை வந்தது. சிமெண்டு ஏற்றுகிற அந்தச் சின்ன லாரியின் பின்தட்டில் என் காரின் சீட்டைப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். அதில் காலை நீட்டி, மடியில் அக்கா கொடுத்த பலகாரத் தூக்கோடு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். டிரைவர் வண்டியைப் பின்னால் நகர்த்தி லோடு மேடையோடு ஒட்டினார். தட்டும் மேடையும் ஒரே உயரம். காலை மடக்காமல், தடியை ஊன்றி, நேராக நடந்து வீட்டுக்குள் வந்தாள்.

"தெனமும் மூட்டை ஏறுதே, நான் ஏற மாட்டேனான்னு தோணுச்சு" என்றாள். "எனக்கு வெளிய போவணும். ஒங்களுக்குத்தான் கார் ஓடணும்."

லுங்கி மூட்டையை மேஜைமேல் வைத்து, அது எப்படிக் கிடைத்தது என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் பினியனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாளைக்கே திருப்பிக் குடுத்துடணும். நானும் வரேன்" என்றாள்.

மறுநாள் குட்டி யானை மலையேறியது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ காத்துங்க! ஒங்க காருல கண்ணாடி பாதிதான் எறங்கும்" என்றாள். நான் அவள் காலடியில் சிமெண்டுத் தூசியில் உட்கார்ந்து பினியனைப் பிடித்திருந்தேன்.

மலைக்காரர் வாசலுக்கு வந்து முதலில் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். "வந்துட்டீங்களாம்மா" என்று முகம் மலர்ந்தது. அப்புறம் அவள் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தார். தையலைத் தடவிப் பார்த்தார். என் மடியில் இருந்த லுங்கி மூட்டையைப் பார்த்தார். எல்லாம் புரிந்த பிறகு அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப பாய், இந்தச் சீட்டு இனிமே காருக்குப் போவாது?" என்றார்.

"போவாதுங்க" என்றாள் என் மனைவி.

"காரு சும்மாதான் நிக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். கல்யாண போட்டோ, விண்டேஜ், அத்தாவின் ஞாபகம், எது முதலில் வந்திருக்குமோ தெரியாது. அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"ஹெட்டத்தானே கேக்கறீங்க? மெக்கானிக்குகிட்ட கழட்டி வெக்கச் சொல்லிட்டேன். சந்தைக்கு வர்றப்ப எடுத்துக்கினு போங்க."

அவர் ஓடிப்போய்க் கோழிகளைக் காருக்குள்ளிருந்து விரட்ட ஆரம்பித்தார். நான் லுங்கி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.