அம்பயரின் கடைவாய்ப் பல்

தலைநகர் அவானாவில் செர்ரோ பகுதிக்காரர்களுக்குப் பல்வலி வந்தால் இரண்டு பயம். ஒன்று ஊசி. இன்னொன்று, முந்தின நாள் பேஸ்பால் ஆட்டத்தில் சந்தியாகோ அணி ஜெயித்ததா தோற்றதா என்பது. ஏனென்றால் அங்கே பல் பிடுங்குகிற டாக்டர் நெரெய்தா குத்தீனோ, நாட்டின் கிழக்குக் கோடியிலிருக்கும் சந்தியாகோக்காரி. அந்த அணியின் சிவப்புச் சட்டைக்காகத் தொட்டிலிலிருந்தே கத்தி வளர்ந்தவள்.

கை மட்டும் ஒருநாளும் தப்பாது. தோற்ற மறுநாள்கூட வலிக்காமல்தான் ஊசி போடுவாள். நாக்குதான் பிரச்சினை. நோயாளியைச் சாய்த்து, இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைத்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுக்கொண்டு ஆரம்பிப்பாள்.

"நேத்து எட்டாவது இன்னிங்ஸ்ல உங்க கோச் அந்தப் பிட்சரை எதுக்கு வெளியே எடுத்தான்? நல்லாத்தானே பந்து போட்டுக்கிட்டிருந்தான்? சொல்லுங்க."

"ஆ... ஆங்..."

"பாத்தீங்களா, உங்ககிட்ட பதிலே இல்ல."

பதில் சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தாள். உதவியாளர் மிக்தாலியா. பரம்பரையாக நீலக்கட்சி, அதாவது அவானாவின் சொந்த அணி. இருபது வருஷமாக வலது கையால் இடுக்கியை நீட்டிக்கொண்டே, "நோயாளி சார்பா நான் பேசுறேன் டாக்டரக்கா. உங்க ஆளுங்க அந்தப் பிட்சரைப் பாத்தே நடுங்கிக்கிட்டிருந்தாங்க, பாவம்னுதான் எடுத்தான்" என்பாள். நாற்காலியில் கிடப்பவர் நன்றியோடு அவளைப் பார்ப்பார்.

நெரெய்தா பதினெட்டு வயதில் அவானாவுக்குப் படிக்க வந்தவள், வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டாள். ஸ்டேடியத்திலிருந்து மூன்று தெரு தள்ளி மருத்துவமனை. சன்னலைத் திறந்தால் ஸ்டேடியத்து விளக்குக் கம்பங்கள் தெரியும். சுற்றிலும் நீலம். கல்யாணம் செய்துகொண்டவனும் நீலம். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் ரிகோபெர்தோ. "பிளே-ஆஃப் நடக்கிறப்போ வீட்டுக்குள்ள சத்தம் போட்டு சந்தோஷப்படக் கூடாது, சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் தலையாட்டினாள். அவனும் முப்பது வருஷமாக, நீலம் ஜெயிக்கும்போதெல்லாம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்துவிட்டு வருகிறான்.

அந்த வருஷம் இறுதிச் சுற்றில் நீலமும் சிவப்பும் மோதின. ஏழு ஆட்டம், முதலில் நாலு ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. சிவப்பு மூன்று ஜெயித்திருந்தது, நீலம் இரண்டு. ஆறாவது ஆட்டம் செர்ரோவில். கடைசி இன்னிங்ஸில் சிவப்பு ஒரு ரன் பின்னால். இன்னும் ஒரு அவுட் விழுந்தால் கதை முடிந்தது. ஹோமுக்கு ஓடிவந்து சமன் செய்ய மூன்றாவது பேஸில் ஒருவன் தயாராக நிற்கிறான். அடித்தவன் பந்தைத் தரையோடு மெதுவாக உருட்டிவிட்டு முதல் பேஸை நோக்கிப் பறந்தான். நீலக்காரன் ஓடிவந்து பொறுக்கி எறிந்தான். காலும் பந்தும் ஒன்றாக வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. முதல் பேஸில் நின்ற அம்பயர் கட்டைவிரலை உயர்த்தினார். அவுட். மூன்றுக்கு மூன்று.

"கால் வந்துருச்சு!" நெரெய்தா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "ரிகோ, கால் வந்துருச்சில்ல?"

ரிகோபெர்தோ குளியலறையில் இருந்தான்.

மறுநாள் ஆட்டம் கிடையாது, ஓய்வு. காலை எட்டு மணிக்கே மருத்துவமனைக் கூடத்தில் பன்னிரண்டு பேர். அதில் பாதிப் பேருக்குப் பல்லில் ஒரு கோளாறும் இல்லை. டாக்டரின் முகத்தைப் பார்க்க வந்தவர்கள். முன்வரிசையில் பஸ் ஓட்டுநர் ஃபெர்மின், நீலத் தொப்பியோடு.

"உங்களுக்கு அடுத்த வாரம்தானே வரச் சொன்னேன்?" என்றாள் நெரெய்தா.

"அவசரமா சிரிக்க வேண்டியிருக்கு டாக்டரம்மா. பல்லு சரியா இருக்கான்னு பாத்துக்கலாம்னு வந்தேன்."

கூடம் குலுங்கியது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனதற்குக் காரணம், வாசலில் நின்ற மனிதர். வீங்கிய கன்னத்தில் ஈரத்துண்டு. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். ஆனால் அந்த உடம்பை நேற்று நாடே டிவியில் பார்த்திருந்தது. முதல் பேஸ் அம்பயர் எவாரிஸ்தோ போசோ.

மிக்தாலியா உள்ளே ஓடினாள். "டாக்டரக்கா, எதையாவது கெட்டியாப் புடிச்சுக்கங்க. யாரு வந்திருக்கான்னு சொல்லப்போறேன்."

எவாரிஸ்தோ உள்ளே வந்தார், நாற்காலியைப் பார்த்தார், டாக்டரின் கழுத்துப் பட்டியில் குத்தியிருந்த சந்தியாகோ அணிச் சின்னமான சிவப்புக் குளவிப் பதக்கத்தைப் பார்த்தார். "வேற டாக்டர் யாரும் இல்லீங்களா?"

"இருக்காரு. வர்ற திங்கக்கிழமை" என்றாள் நெரெய்தா. "உக்காருங்க."

ஃபெர்மின் கதவுக்குள் தலையை நீட்டினார். "நான் சாட்சிக்கு இருக்கேன். நாளைக்கு முறை மாறி இவரு ஹோம் பேஸுக்குப் பின்னாடி நிக்கணும். கிழக்கத்திக்காரி கையில தனியா விட முடியாது."

"நீங்க என்ன, சொந்தக்காரரா?"

"அவானாவே சொந்தம்தான் டாக்டரம்மா."

ஃபெர்மினைத் தொடர்ந்து இன்னும் நாலு பேர் கதவோரம் ஒட்டிக்கொண்டார்கள். அம்பயரே அவர்களை இருக்கச் சொல்லிக் கையாட்டியதால் நெரெய்தா விட்டுவிட்டாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கீழ்க் கடைவாய்ப் பல் வேர்வரை அழுகியிருந்தது. வேறு வழியில்லை, பிடுங்கித்தான் ஆக வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டாள். போட்டு முடித்த அதே நொடியில் கரண்ட் போயிற்று.

"இதுவும் அவ வேலைதான்!" என்றது கதவோரம்.

"ஆமா, மின்சார வாரியம் எங்க சித்தப்பா வீடு" என்றபடி நெரெய்தா சன்னலை அகலமாகத் திறந்தாள். வெளிச்சம் போதும். மரத்துப்போகப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தை அவள் வீணாக்குகிற ஆள் இல்லை. கையுறைப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினாள். பேஸ்பால் விதிப் புத்தகம், அட்டை கிழிந்து பிளாஸ்திரி ஒட்டியது.

"கேளுங்க. 'அடித்தவன் முதல் பேஸைத் தொடுவதற்கு முன்னால் பந்தோடு பேஸைத் தொட்டால் அவன் அவுட்.' முன்னால்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா அது முன்னால் ஆகுமா? ஆகாது. அப்ப அவன் அவுட் இல்ல. விதி நான் எழுதலை சார்."

அம்பயர் பாதி மரத்த வாயால் ஏதோ சொன்னார்.

"என்னது?"

"ஒரே நேரத்துல எதுவும் வராதாம்" என்றாள் மிக்தாலியா. "எப்பவும் ஒண்ணு முந்துமாம். நேத்து முந்தினது பந்தாம்."

"நான் டிவியில நாலு தடவை பாத்தேன்!"

எவாரிஸ்தோ ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். முதலில் யாருக்கும் புரியவில்லை. 'நான் ஒரே தடவைதான் பார்த்தேன்' என்கிறார் என்று புரிந்ததும் கதவோரம் முழுக்கத் தலையாட்டியது. நெரெய்தா புத்தகத்தை மூடினாள்.

"இந்த வலி எத்தனை நாளா?"

மூன்று விரல்.

"அப்ப நேத்து ஆட்டத்துலயும் வலியா?"

தலையாட்டினார்.

"பாத்தீங்களா, வலியில கண்ணு தெரியலை" என்றார் கூடத்திலிருந்த ஒரே ஒரு சிவப்பு ஆதரவாளர்.

"அவ்வளவு வலியிலயும் சரியாச் சொல்லியிருக்காரே மனுஷன்!" என்றார் ஃபெர்மின்.

நெரெய்தா இடுக்கியை எடுத்தாள். தோளை ஊன்றி, மணிக்கட்டைத் திருப்பி, இரண்டு நிமிஷத்தில் பல்லை வெளியே எடுத்துத் தட்டில் போட்டாள். இரண்டு தையல். அப்புறம் சீட்டை எடுத்து எழுதினாள்: சூடான காப்பி கூடாது. மசித்த கிழங்கு மட்டும். இரண்டு நாளைக்கு வாயை அகலத் திறக்கவோ கத்தவோ கூடாது.

"சதி!" ஃபெர்மின் தொப்பியைக் கழற்றிவிட்டார். "ஒவ்வொரு பந்துக்கும் ஸ்ட்ரைக், அவுட்டுன்னு ஹோம் பேஸ் அம்பயர் கத்தாம எப்படி?"

"தையல் பிரிஞ்சு ரத்தம் கொட்டினா நீங்க வந்து தைப்பீங்களா?"

எவாரிஸ்தோ எழுந்து நின்று, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இது போதும் என்கிற மாதிரி தம் இரண்டு கைகளையும் ஃபெர்மினின் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு நடந்துபோனார்.

ஏழாவது ஆட்டத்தை நெரெய்தா வீட்டில்தான் பார்த்தாள். கத்தாத அம்பயரை அந்த ஸ்டேடியம் அதுவரை பார்த்ததில்லை. முதல் இன்னிங்ஸில் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாவதில் கேலி செய்தார்கள். நாலாவதில் அவர் வலது கை உயர்ந்ததும் முப்பதாயிரம் பேரும் அவருக்குப் பதிலாக "ஸ்ட்ரைக்!" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். தங்கள் அணிக்கு எதிராக இருந்தாலும் கத்தினார்கள். அந்த விளையாட்டு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

ஒன்பதாவது இன்னிங்ஸ், நாலுக்கு நாலு சமம். சிவப்புக்காரன் ஒருவன் இரண்டாவது பேஸிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹோமுக்கு ஓடிவந்தான். பந்து ஹோமில் நின்ற கேட்சரிடம் வந்துவிட்டது. அவன் சறுக்கினான், கேட்சர் விழுந்து தொட்டான், ஒரே புழுதி. எவாரிஸ்தோ குனிந்து பார்த்தார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். தப்பித்தான். இந்த முறை முப்பதாயிரம் பேரும் அவருக்காகக் கத்தவில்லை.

நீலத்தால் அதற்கப்புறம் ஒன்றும் செய்ய முடியவில்லை. கோப்பை சந்தியாகோவுக்கு.

நெரெய்தா வீட்டுக்குள் ஒரு சுற்று ஆடினாள். டிவியில் அதே காட்சியை மெதுவாகப் போட்டபோது ஆட்டம் நின்றது. கேட்சரின் கையுறை ஓடிவந்தவன் தொடையில் பட்டிருந்தது. அவன் கை ஹோம் பேஸுக்கு இன்னும் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"நெரெய்தா" என்றான் ரிகோபெர்தோ மெதுவாக. "கை வரலையே."

"வந்துச்சு."

"வரலைம்மா."

"போய்க் காப்பி போடு ரிகோ."

மறுநாள் அவள் அறைக் கதவில் யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள்: 'இங்கே அம்பயர்கள் பழுது பார்க்கப்படும்.' ஃபெர்மின் அதன் கீழே காவலாளி மாதிரி நின்றார்.

"அந்த ஊசியில என்ன கலந்தீங்க டாக்டரம்மா? எனக்கும் ஒண்ணு போட்டுவிடுங்க. நானும் சிவப்பாயிடுறேன்."

வேறு சமயமாக இருந்தால் அவருக்கு ஒன்பது இன்னிங்ஸுக்கும் பதில் கிடைத்திருக்கும். நெரெய்தா தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. பஞ்சை அடைப்பாள், வேலையைப் பார்ப்பாள், அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். மூன்றாம் நாள் ஒரு கிழவர் வெளியே வந்து மிக்தாலியாவிடம், "டாக்டரம்மா பேசவே இல்லையே, எனக்கு ஏதாவது பெரிய வியாதியா?" என்று கண் கலங்கிக் கேட்டார்.

எட்டாம் நாள் தையல் பிரிக்க எவாரிஸ்தோ வந்தார். கையில் ஒரு பை நிறைய பம்பளிமாஸ் பழம். நெரெய்தா கதவைச் சாத்தினாள். தையலைப் பிரித்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, அவர் வாயை மூடுகிறவரை காத்திருந்தாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய மரியாதை.

"ஹோம்ல கை முந்துச்சா, கையுறையா?"

"கை."

"இல்ல. கையுறை."

எவாரிஸ்தோ திடுக்கிட்டுப் பார்த்தார். "நீங்க சிவப்பு இல்லீங்களா?"

"சிவப்புதான். அதுக்காகக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவர் தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். "வீட்டுல எம் பொண்டாட்டி டிவியில போட்டுக் காட்டினா. மூணு தடவை. தப்புதான். புழுதியில தெரியலை."

கோப்பை தப்பான தீர்ப்பில் வந்தது என்பது ஒரு வாரமாக நெரெய்தாவை அரித்துக்கொண்டிருந்தது. அவர் ஒத்துக்கொண்டதே போதும் என்று நினைத்தாள். ஆனால் அவள் நெரெய்தா ஆயிற்றே. "அப்ப முதல் பேஸ்ல சொன்னது?"

"அது சரி."

"என்ன சரி? அதுவும் தப்பு!"

"அது சரிதாம்மா. பந்து முந்துச்சு."

"எங்களுக்குச் சாதகமாச் சொன்னது தப்பு, பாதகமாச் சொன்னது சரி. அப்படித்தானே?"

"அப்படித்தான் இருக்கு, நான் என்ன செய்ய?"

மிக்தாலியா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் நெரெய்தாவும் சிரித்தாள். அம்பயர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே அதை நம்பினார்.

"சரி, விடுங்க. இந்தப் பழம் ஏது? அவானாவுல இந்த ருசியில கிடைக்காதே."

"எங்கம்மா ஊரு. தீவு."

தெற்கே கடலுக்குள் கிடக்கும் அந்தச் சின்னத் தீவுக்கும் ஒரு அணி உண்டு. பிளே-ஆஃப் பக்கம் அபூர்வமாகத்தான் எட்டிப் பார்க்கும். நெரெய்தா கண்ணைச் சுருக்கினாள்.

"போசோ... நீங்க தீவு ஆளா?"

எவாரிஸ்தோவின் காது சிவந்துபோனது. இருபத்திரண்டு வருஷமாக அம்பயர் வேலை பார்க்கிறார். அவர் நீலமா சிவப்பா என்று நாடே சண்டை போட்டிருக்கிறது. இந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்டதில்லை. "வெளிய சொல்லிடாதீங்கம்மா. அவங்க ஆட்டத்துல நிக்கிறப்போ ரொம்பக் கஷ்டம். வேணும்னே அவங்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பாத்தான் பாப்பேன். இல்லைன்னா மனசு கேக்காது."

"ஐயோ பாவம், அதான் அவங்க ஜெயிக்கிறதே இல்லையா!" என்றாள் மிக்தாலியா.

அந்த ரகசியத்தை இரண்டு பெண்களும் காப்பாற்றினார்கள். அன்று மத்தியானமே நெரெய்தாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. முதலில் மாட்டியவர் ஃபெர்மின். ஒரு வாரத்துப் பாக்கியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த சீசனில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், தீவு அணி செர்ரோவுக்கு விளையாட வந்தது. ஸ்டேடியம் கால்வாசிகூட நிரம்பவில்லை. நெரெய்தா ரிகோபெர்தோவையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். எட்டாவது இன்னிங்ஸில், ஒன்பது ரன் பின்னால் இருந்த தீவுக்காரர்கள் எப்படியோ ஒரு ரன் எடுத்தார்கள். நெரெய்தா எழுந்து நின்று கைதட்டினாள். ஸ்டேடியத்திலேயே அவள் ஒருத்திதான்.

மூன்று வரிசை பின்னாலிருந்து ஃபெர்மினின் குரல் வந்தது. "என்ன டாக்டரம்மா, கட்சி மாறிட்டீங்களா?"

"ஒரு நோயாளிக்காகத் தட்டுறேன்."

"யாரு அது?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது. டாக்டர் தர்மம்."

இரண்டாவது பேஸ் அருகே அம்பயராக நின்ற எவாரிஸ்தோ திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, சுத்தமாக இருந்த பேஸை ஒரு தூரிகையால் தூசி தட்டிக்கொண்டிருந்தார். தேவைக்கு மேலே நெடுநேரம்.