அக்காவைக் கேட்காமல் விற்றவை

அக்கா ஒரு டிஸ்க்கைக் கையில் எடுக்கும் விதம் இப்போதும் கண்முன் இருக்கிறது. உறையைத் திறந்து, நடுவிலிருக்கும் குமிழைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, விளிம்பை மட்டும் இரண்டு விரல்களால் பிடித்துத் தூக்குவாள். வேலை முடிந்து வந்த அலுப்பில் கைப்பையை ஒரு மூலையிலும் சாப்பாட்டு டப்பாவை இன்னொரு மூலையிலும் போடுகிறவள், இந்த ஒரு காரியத்தில் மட்டும் அவசரப்பட மாட்டாள். கே.கே. நகரில் எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்குக் கீழே ஒரு ஸ்டூலில் அவளுடைய வீடியோ கேம் மெஷின் இருந்தது. துபாயிலிருந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பத்திடம் பழசாக வாங்கியது. அவள் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். நான் அவளைவிட ஆறு வயது இளையவன், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு சந்தில் பாய் ஒருவரின் கடை இருந்தது. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் சென்ட், டார்ச் லைட், கடிகாரங்களுக்கு நடுவே எப்போதாவது ஒரிஜினல் கேம் டிஸ்க்கும் வரும். "தங்கச்சி, ஒண்ணு தனியா எடுத்து வச்சிருக்கேன், வந்து பாருங்க" என்று அவர் ஃபோன் செய்தால் அன்றைக்கு அக்கா ஒரு மணி நேரம் தாமதமாக வருவாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் விளையாடியது காப்பி டிஸ்க்தான். நானும் ஒருமுறை கேட்டேன், காப்பி போதாதா என்று. "காப்பியில புக்கு வராதுடா" என்றாள். உறைக்குள் வரும் சிறு புத்தகத்தைச் சொல்கிறாள். அதைப் பஸ்ஸிலேயே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள்.

அவளுக்குப் பிடித்த விளையாட்டில் சண்டை கிடையாது. ஒரு தீவில் தபால் கொடுக்கும் பெண்ணின் கதை அது. மழையில், பனியில், வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோக வேண்டும். வாங்குகிறவர்கள் ஏதாவது பேசுவார்கள், சிலர் கதவே திறக்க மாட்டார்கள். நாளெல்லாம் நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு வந்தவளுக்கு இதில் என்ன இருந்ததோ தெரியவில்லை. "இவங்க யாரும் என்னை அவசரப்படுத்த மாட்டாங்க" என்று ஒருநாள் சொன்னாள்.

கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் அமைந்தது. அத்தான் நல்ல மனிதர். ஆனால் அது பெரிய குடும்பம், சின்ன வீடு. சாமான் வண்டி ஏறும் அன்று அம்மா, "அந்தப் பெட்டியெல்லாம் இங்கயே இருக்கட்டும், முதல் நாளே அதெல்லாம் எதுக்கு" என்றாள். அக்கா சரி என்றாள். மெஷினையும் டிஸ்க்குகளையும் பழைய துணியில் சுற்றி, இரண்டு அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, என்னைக் கூப்பிட்டுப் பரணில் ஏற்றச் சொன்னாள். "ஈரம் படாம பாத்துக்கடா" என்றாள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

முதல் இரண்டு மூன்று வருடங்கள் ஆடிப்பெருக்குக்கு வரும்போது ஒரு பெட்டியை இறக்கச் சொல்லி, மதியம் முழுக்க விளையாடுவாள். பிறகு குழந்தைகள், மாமனாரின் நோய், அத்தானின் இடமாற்றம் என்று அதுவும் நின்றுபோனது. எனக்கும் கல்யாணம் ஆகி, வீட்டை இடித்துக் கட்டும் பேச்சு வந்தது. பரணைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் கேம் எல்லாம் டவுன்லோட் ஆகிவிட்டிருந்தது. டிஸ்க் போடும் இடமே இல்லாத மெலிந்த மெஷின் ஒன்றை நான் வாங்கியிருந்தேன். தூசி இல்லை, இடம் அடைக்கவில்லை, வேண்டியதைத் தேடி அழுத்தினால் வந்துவிடும். பழைய கேம்களைச் சேகரிக்கும் ஒரு டாக்டர் தஞ்சாவூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா மட்டும், "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுடா" என்றாள். ஃபோன் கையில்தான் இருந்தது. கேட்டால் வேண்டாம் என்பாள், பிறகு பெட்டிகளை எங்கே வைப்பது என்ற சலிப்பில் நான் கேட்காமலே இரண்டு பெட்டிகளையும் அவருக்கு விற்றுவிட்டேன். அவளே மறந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன்.

அவள் மறக்கவில்லை என்பது நான்கு வருடம் கழித்துத் தெரிந்தது. காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்ததில் அவளுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவர்கள் அப்போது ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வந்து, மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத ஒரு குடியிருப்பில் இருந்தார்கள். ஆபரேஷன் முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். பத்து நாள் கூரையையே பார்த்துக் கிடந்தவள், ஒரு காலையில் கொஞ்சம் தெளிந்த முகத்தோடு, "அந்தத் தபால்காரி கேம் போட்டுக் குடுடா" என்றாள்.

விற்றதைச் சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்வது.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்க்கா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டாள். மருந்து சாப்பிடும் நேரம் வந்தபோதும் திரும்பவில்லை.

அன்று மாலையே அந்த விளையாட்டை என் மெஷினில் டவுன்லோட் செய்து அவள் கட்டிலருகே வைத்தேன். புதுப்பிக்கப்பட்ட பதிப்பு. மூன்றாம் நாள்தான் தொட்டாள். பாட்டை மாற்றிவிட்டார்கள் என்றாள், கடற்கரைத் தெருவில் ஒரு வீடு குறைகிறது என்றாள். இருந்தாலும் விளையாடினாள். வலியில் முகம் சுருங்குவது அந்த நேரத்தில் குறைந்ததை நானே பார்த்தேன். மன்னிப்பு கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு, அவள் எங்கள் வீட்டில் இருக்கும்போதே, மெஷின் பழுதாகி ரிப்பேருக்குப் போய், உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து திரும்பியது. மறுபடி டவுன்லோட் செய்யப் போனால் நான் வாங்கியவற்றின் பட்டியலில் அந்தப் பெயர் மங்கலாகத் தெரிந்தது. அழுத்தினால், இப்போது கிடைப்பதில்லை என்று வந்தது. விற்ற நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். விளையாட்டைத் தயாரித்தவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்களாம். நான் வாங்கியது விளையாடுவதற்கான அனுமதி, விளையாட்டு அல்லவாம். பணிவான கடிதம். அதை அக்காவிடம் படித்துக் காட்டியபோது, விழுந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். "உன்கிட்டயும் யாரும் கேக்கல பாரு" என்றாள்.

டாக்டரின் எண் என்னிடம் இருந்தது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். அவர், "அதுக்குள்ள ஒரு பஸ் டிக்கெட் இருக்கு சார். எல்லாத்துலயும் இருக்கு. வாங்கின அன்னைக்கு வந்த டிக்கெட் போல. நான் எதையும் எடுக்கல" என்றார். மறுநாளே கூரியரில் அனுப்பினார். நான் விலை பேசத் தொடங்கியதும் ஃபோனை வைத்துவிட்டார்.

அக்கா உறையைத் திறந்தாள். நிறம் போன டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே செருகினாள். பழைய மாதிரியே, இரண்டு விரல்களால், டிஸ்க்கை எடுத்தாள். எடுத்துவிட்டு என் மெஷினைச் சுற்றிப் பார்த்தாள்.

"இதை எங்கடா போடுறது?"

இதை நான் யோசிக்கவே இல்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். டிஸ்க்கைத் தேடிப் பிடிப்பதிலேயே என் புத்தி முழுக்க இருந்தது. டாக்டரிடம் பேசினால் பழைய மெஷினையும் அனுப்புவார் என்றேன். அவள் டிஸ்க்கை உறையில் அமுக்கி மூடினாள்.

"வேணாம்டா. அவர் ஒழுங்கா வச்சிருக்கார். இதையும் அவருக்கே அனுப்பிடு. அங்க போட்டுப் பாக்கவாவது மெஷின் இருக்கு."

"அக்கா, நான்..."

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம் நீ. குடுன்னுதான் சொல்லியிருப்பேன்."

வேண்டாம் என்பாள் என்று எண்ணித்தான் நான் கேட்காமல் இருந்தேன்.

அக்கா இப்போது ஸ்ரீரங்கத்தில் தரைத்தளத்து வீடொன்றுக்கு மாறிவிட்டாள். லேசாகச் சாய்ந்து நடக்கிறாள். அவளும் தளர்ந்துவிட்டாள், நானும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன், விளையாட்டுகளைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. போன மாதம் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, கூடத்து மர அலமாரியை எடுத்துவிடலாமா என்று அவளுக்கு ஃபோன் செய்தேன். மறுமுனையில் குக்கர் சத்தம் கேட்டது.

"அது உன் பொண்டாட்டி கொண்டுவந்ததுடா" என்றாள். "அவளைக் கேளு."